ஆளுநர் துரைசிங்கத்தின் வண்டி

தையல்நாயகி அன்று காலையும் குதிரையின் கால்களில் ஈய லாடங்களைப் பூட்டினாள். செவ்வாயில் ஈர்ப்பு விசை குறைவு. ஈயத்தின் கனம் இல்லாவிட்டால் குதிரை ஒரு துள்ளலில் ஆள் உயரத்துக்கு எழும்பிவிடும். பின்னால் இருக்கும் பயணிகளின் கதி அதோகதிதான்.

புதுத்தரங்கை செவ்வாயின் மிகப் பழைய ஊர். பூமியைச் சேர்ந்த சுரங்க நிறுவனம் ஒன்று கட்டி, மூன்று தலைமுறை ஆண்ட ஊர். கண்ணாடிக் குவிமாடத்தின் கீழே மஞ்சள் மாளிகைகள், தூண் வரிசைகள், கோடு போட்டாற்போல் தெருக்கள். செவ்வாய் விடுதலை பெற்ற பிறகும் அங்கே ஒரு தெருவின் பெயரைக்கூட யாரும் மாற்றவில்லை. அந்த ஊரை, நிறுவனத்தின் ஆளுநர் துரைசிங்கம் போனது போலவே குதிரை வண்டியில் சுற்றிக் காட்டுவது தையல்நாயகியின் தொழில். அவளைப்போல் வாய் வலிக்காமல் பெருமை பேச அங்கே ஆள் இல்லை.

அன்றைய பயணி ஒரு முதியவர். பூமிக்காரர் என்பது நடையிலேயே தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சாண் எழும்பித் தடுமாறினார்.

"ஏறுங்கய்யா. எங்க ஊரைப் பாக்காம செவ்வாயைப் பாத்தேன்னு சொல்லப்படாது."

முதலில் மூச்சு மண்டபம் வந்தது.

"தூணைப் பாருங்கய்யா, எவ்ளோ உசரம்! தொழிலாளிங்க காலையில இங்கதான் வரிசையில நிப்பாங்க. அன்னைக்கு வேலைக்கு வேண்டிய மூச்சை சிலிண்டர்ல அடைச்சுக் குடுப்பாங்க. வேலைக்கு வராதவனுக்கு மூச்சு கிடையாது. என்ன ஒரு ஒழுங்கு!"

"உங்க குடும்பத்து ஆளுங்களும் நின்னாங்களாம்மா?"

"நிக்காம? எங்க முப்பாட்டன் விடியறதுக்கு முன்னாடியே போயி மொத ஆளா நிப்பாராம்!"

முதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆளுநர் மாளிகை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஆளுநர் துரைசிங்கத்தோட கொள்ளுப்பேரன் நான். பேரு ஜெயசீலன்."

தையல்நாயகி வண்டியிலிருந்து குதித்தே விட்டாள். "அட, ஏறும்போதே சொல்லப்படாதா! ஊரையே கூட்டியிருப்பேனே!"

"வேண்டாம்மா. நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"மன்னிப்பா? எதுக்கு?"

"அந்தக் காலத்துல இங்க குதிரையே கிடையாது. குதிரைக்கு மூச்சு அதிகம் செலவாகும்னு கொண்டுவரலை. எரிபொருள் எல்லாம் பூமிக்குப் போயிடும். கொள்ளுத்தாத்தா வண்டியை மனுஷங்கதான் இழுத்தாங்க. அப்படி இழுக்கற படம் ஒண்ணு எங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருந்துச்சு. சின்ன வயசுல வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அதைப் பெருமையாக் காட்டியிருக்கேன்."

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். நடுத்தெருவில் கைகூப்பி நின்றார்.

தையல்நாயகி குதிரையின் பிடரியில் கை வைத்தாள்.

"எங்க முப்பாட்டனும் இழுத்திருப்பாரோ?"

"இருக்கலாம்மா. படத்துக்குக் கீழ கொள்ளுத்தாத்தா பேரு மட்டுந்தான் போட்டிருந்துச்சு."

திரும்பும் வழியில் அவள் எந்தக் கட்டடத்தையும் காட்டவில்லை. உண்மை அவள் நெஞ்சில் தைத்துவிட்டது என்ற நிம்மதியோடு ஜெயசீலன் பூமிக்குத் திரும்பினார்.

அடுத்த சுற்றுலாப் பருவத்தில் ஊர்மன்றம் அவரை அழைத்தது. 'தாங்கள் சொன்ன உண்மைக்கு மரியாதை செய்கிறோம், திறப்பு விழாவுக்குத் தாங்களே தலைமை தாங்க வேண்டும்' என்றது செய்தி. வண்டி இழுத்தவர்களுக்கு நினைவுத்தூண் எழுப்பியிருப்பார்கள் என்று அவர் நம்பினார். தூணின் அடியில் வைக்கப் பூமியிலிருந்து மலர்வளையம் ஒன்றும் கொண்டுவந்தார்.

தூண் எதுவும் இல்லை. ஆளுநர் மாளிகை வாசலில் தையல்நாயகியின் வண்டி மட்டும் பளபளவென்று நின்றது. குதிரை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கச்சை கட்டிய மனிதர்கள் நின்றார்கள். முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றவள் தையல்நாயகி.

"இத்தனை வருஷமா வரலாற்றைத் தப்பாக் காட்டிட்டிருந்தோம்யா! குதிரைங்களப் பண்ணைக்கு அனுப்பிட்டோம். இழுக்கறதுக்கு ஊரே அடிச்சிக்கிச்சு. அந்தக் காலத்துல வண்டி இழுத்த பரம்பரைக்குத்தான் எடம். எனக்கு முன்வரிசை!"

"அம்மா... நான் சொன்னது இதுக்கில்லம்மா."

"அட, ஏறுங்கய்யா. மொத சவாரி ஒங்களுக்குத்தான்."

"என்னால முடியாதும்மா."

அவள் முகம் வாடியது. "நீங்க ஏறலைன்னா எங்க முப்பாட்டனுக்குல்ல அவமானம்? அவர் இழுத்தது மட்டமான வண்டின்னு ஆயிடாதா?"

வாத்தியங்கள் முழங்கின. குழந்தைகள் கொடியை ஆட்டினார்கள். ஜெயசீலன் மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். தையல்நாயகி கம்பீரமாகக் குரல் கொடுக்க, வண்டி நகர்ந்தது.

தெருமுனை திரும்பும்போது அவர் பின்னால் பார்த்தார். அடுத்த சவாரிக்கு ஏறி உட்கார ஒரு நீண்ட வரிசை மூச்சு மண்டபம்வரை நின்றது. அதில் ஒருவர்கூடப் பூமிக்காரர் இல்லை.