நாலு நாற்காலி வண்டி

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் சாப்பிட்டுப் பல நாளாயிற்று. மேசை மேல் ஒரு தீவு கிடந்தது.

தீவு என்றால் வரைபடம்தான். ஆனால் சின்ன வரைபடம் இல்லை. மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் விரிந்திருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் சர்க்கரை டப்பா, எதிர் மூலையில் உப்பு டப்பா. வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டார்கள்.

"தீவை எப்பப்பா எடுப்பீங்க? எனக்குச் சட்டையெல்லாம் குழம்பு" என்றாள் மிளகு.

மிளகு என்பது அவளுக்கு மாமா வைத்த பெயர். ஆள் சிறியவள், பேச்சு மட்டும் காரம். அவளுடைய தம்பிக்கு டமாரம் என்று பெயர். அவனிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். தெருக்கோடி வரைக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

பள்ளி விடுமுறைக்கு நான்கு பேரும் கப்பலில் அந்தத் தீவுக்குப் போவதாக இருந்தார்கள். அங்கே தார்ச்சாலை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கல், மணல், மலை. ஓடைகளுக்குப் பாலம் கிடையாது. வண்டி தண்ணீருக்குள் இறங்கித்தான் அக்கரைக்கு ஏற வேண்டும்.

அதற்காகவே ஒரு கேம்பர் வண்டியை வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. உள்ளேயே படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி. கூரையை மேலே தூக்கினால் இன்னொரு படுக்கை வரும். அந்த மேல் படுக்கை மிளகுக்கு என்று முடிவாகியிருந்தது. வகுப்பில் அதைக் கேட்காத காது இல்லை.

மிளகின் அம்மா நகரப் பேருந்து ஓட்டுபவர். அப்பா பல் டாக்டர். பயணம் முடிவான அன்றே அப்பா அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வருஷம் பூரா பஸ் ஓட்டுற. லீவுல நீ ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது. நான் ஓட்டுறேன். நீ காலை நீட்டி உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வா."

"சரிங்க" என்று அம்மா சிரித்தார். கொஞ்சம் சின்னச் சிரிப்புதான். அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

மிளகு கவனித்தது வேறு ஒன்றை. அப்பா போக வேண்டிய வழியைப் பென்சிலால் வரைந்திருந்தார். முதலில் அது தீவை முழுசாகச் சுற்றி வந்தது. பிறகு தினமும் சாயங்காலம் அப்பா ரப்பரும் கையுமாக உட்கார ஆரம்பித்தார். வழி தேயத் தொடங்கியது.

"அப்பா, மலை உச்சியில ஏரி இருந்துச்சே, அதை ஏன் அழிச்சீங்க?"

"அங்க காத்து ஜாஸ்தியாம்."

"கறுப்பு மணல் கடற்கரை?"

"மணல்தானே? நம்ம பார்க்குலயே இருக்கு."

"சறுக்குமரத்துக்குக் கீழ இருக்கே, அந்த மணலா?"

அப்பா ரப்பர் தூளை ஊதினார்.

வெள்ளிக்கிழமை வந்தபோது மீதி இருந்த வழி, கப்பல் துறையிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும்தான்.

"இது தீவைச் சுத்துறது இல்லப்பா" என்றாள் மிளகு. "பெட்ரோல் போட்டுட்டுத் திரும்பி வர்றது."

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். டமாரம் பக்கத்தில் இல்லை. மிளகைப் பால்கனிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. முக்கியமா அம்மாகிட்ட."

"சத்தியம்."

"ஓடையில வண்டியை இறக்கணும்ல? அதை நெனச்சாலே எனக்கு உள்ளங்கை வேர்க்குது. வீடியோ எல்லாம் பாத்துட்டேன். பாக்கப் பாக்கப் பயம் கூடுதே தவிர குறையல."

மிளகுக்கு ஆச்சரியமாக இருந்தது. நாள் முழுக்க மற்றவர்களிடம் 'பயப்படாதீங்க, ஒண்ணுமே ஆகாது' என்று சொல்வதுதான் அப்பாவின் தொழில். அதைச் சொல்லிக்கொண்டேதான் ஊசியை எடுப்பார்.

"அப்ப அம்மாவை ஓட்டச் சொல்லுங்களேன்!"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? வருஷம் பூரா ஓட்டிக் களைச்சுப் போறா. ஓய்வு குடுக்கறேன்னு சொன்னவனே, இந்தா ஓட்டுன்னு சாவியை நீட்டினா நல்லாவா இருக்கும்?" அப்பா பெருமூச்சு விட்டார். "நாளைக்குச் சாயங்காலம் வண்டிக் கம்பெனிக்காரர் போன் பண்ணுவார். வண்டி வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். ஹோட்டல்ல ரூம் போட்டுக்கலாம். நீச்சல் குளம்கூட இருக்கு."

மேல் படுக்கை போயிற்று. ஏரி போயிற்று. நீச்சல் குளம் யாருக்கு வேண்டும்? அது பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது.

மறுநாள் காலை அம்மா வேலைக்குக் கிளம்ப ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மிளகு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பா சொன்னதைச் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா?

"அம்மா, லீவுல வண்டி ஓட்ட வேண்டாம்னு உனக்குச் சந்தோஷமா?"

பிரஷ் நின்றது. அம்மா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. முக்கியமா அப்பாகிட்ட. சத்தியம் பண்ணு."

இன்னொரு சத்தியமா என்று மிளகு யோசித்தாள். இருந்தாலும், "சத்தியம்" என்றாள்.

"தினமும் டிப்போவுலேருந்து ஸ்டேஷன், ஸ்டேஷன்லேருந்து டிப்போ. சிக்னல், ஸ்டாப். மறுபடி சிக்னல், ஸ்டாப். ரோடே இல்லாத இடத்துல, மணல்லயும் தண்ணியிலயும், ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? அந்தத் தீவுன்னு சொன்னதும் நான் குதிச்சதே அதுக்குத்தான்."

"அப்பாகிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"ஐயோ, வேண்டாம்! எவ்வளவு ஆசையா 'நான் ஓட்டுறேன்'னு சொன்னார்! அதை நான் பிடுங்கிக்கிட்டா மனசு வாடிப் போயிடுவார்."

அம்மா ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மிளகு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவருக்கு ஓட்டப் பயம். இன்னொருவருக்கு ஓட்ட ஆசை. ஒரே ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாதபடி அவள் வாயை இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பூட்டிவிட்டார்கள். பெரியவர்கள் இப்படி மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் எப்போதுதான் ஊர் சுற்றுவது?

டமாரத்தின் காதில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அவன் ஒரு நொடியில் வேலையை முடித்துவிடுவான். ஆனால் அவனிடம் சொன்னாலும் சொன்னதுதானே? சத்தியம் சத்தியம்தான். அந்த யோசனையைக் கைவிட்டாள்.

கூடத்திலிருந்து, "டுர்ர்ர்ர்ர்" என்று சத்தம் வந்தது. டமாரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பாத்திர மூடியைக் கையில் பிடித்து, பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். மிளகு அவனையே பார்த்தாள். பிறகு துள்ளி எழுந்தாள்.

"டேய் தம்பி, அந்த மூடி எனக்கு வேணும். உனக்கு அதைவிடப் பெரிய வேலை வெச்சிருக்கேன்."

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் நான்கு நாற்காலிகள் இரண்டு வரிசையாகக் காத்திருந்தன. பின்னால் டமாரம் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றான்.

"என்ன இது?" என்றார் அம்மா.

"ஒத்திகை" என்றாள் மிளகு. "நாடகத்துக்கே ஒத்திகை பாக்கறோம். இவ்வளவு பெரிய பயணத்துக்குப் பாக்க வேண்டாமா? அப்பா, ஓட்டுற சீட்டுல உக்காருங்க. அம்மா, பக்கத்து சீட்."

அப்பா தயங்கித் தயங்கி வந்தார். மறுத்தால் எதற்கு என்று அம்மா கேட்பாரே! பாத்திர மூடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கிளம்பியாச்சு. தார் ரோடு" என்றாள் மிளகு.

அப்பா மூடியைத் திருப்பினார். முகத்தில் சிரிப்புகூட வந்தது. "அட, நல்லாத்தான் போகுது!"

"தார் ரோடு முடிஞ்சுது. கல்லுப் பாதை."

டமாரம் ஓடிவந்து அப்பாவின் நாற்காலியைப் பிடித்துக் கடகடவென்று ஆட்டினான். அப்பாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. அம்மாவின் வலது கால் பிரேக் போடுவதுபோல் தரையை லேசாக அழுத்தியது.

"வளைவு. சரிவு. அதோ, முன்னால ஓடை!"

டமாரம் வாளிக்குள் கையை விட்டுச் சளசளவென்று அடித்தான். அந்தப் பிள்ளை எதையும் அரைகுறையாகச் செய்பவன் இல்லை. தண்ணீர் கூடமெங்கும் தெறித்தது.

"ஓடை ரொம்ப ஆழமா?" என்றார் அப்பா. மூடியை இறுக்கிப் பிடித்தார்.

"தெரியாது. இறங்கினாத்தான் தெரியும்."

"அப்ப இங்கயே நிறுத்தி ஒரு டீ குடிக்கலாம்."

"இப்பத்தானேப்பா குடிச்சீங்க?"

அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. அவருடைய கால் அழுத்திய அழுத்தில் கீழே இருந்த விரிப்பு சுருண்டு முன்னால் போயிருந்தது. கை காற்றில் கியர் மாற்றியது.

"என்னங்க, ஃபர்ஸ்ட் கியர்! மெதுவா இறங்குங்க. நடுவுல நிறுத்திடாதீங்க! அப்படியே சாய்வா, சாய்வா..."

டணங்!

அப்பாவின் வேர்த்த கையிலிருந்து மூடி நழுவித் தரையில் உருண்டது. அது சுற்றிச் சுற்றி நின்றது.

அப்பா அதைக் குனிந்து எடுக்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என்னால முடியலம்மா" என்றார். "எனக்குப் பயமா இருக்கு. உனக்கு ஓய்வு குடுக்கறேன்னு சொன்னேன். ஆனா... நீ ஓட்டுறியா?"

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நெஜமாவா? நான் ஓட்டலாமா? உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"வருத்தமா! எனக்கா!"

அப்பா ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அது முடிய வெகுநேரம் ஆயிற்று. பல நாளாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு.

இடம் மாறி உட்கார்ந்தார்கள். அம்மா மூடியைக் கையில் வாங்கியதும் முதுகு நிமிர்ந்தது, கண் மின்னியது. டமாரம் சளசளவென்று அடித்தான். அம்மா ஓடையில் இறங்கினார். அப்பா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்படித்தான்! விடாதே! சபாஷ்!" என்று கத்தினார். வண்டி அக்கரை ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டி முடித்ததும் அப்பா மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். "அம்மாவுக்கு ஓட்ட ஆசைன்னு உனக்குத் தெரியுமா?"

"அப்பாவுக்குப் பயம்னு உனக்குத் தெரியுமா?" என்றார் அம்மா.

மிளகு இருவரையும் பார்த்தாள். "நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எனக்குத்தானே?" என்றார் அப்பா.

"எனக்கும்தான்!" என்றார் அம்மா.

அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேருமாக மிளகை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு!" என்று டமாரம் வாளியை உதைத்தான். "எனக்கு மட்டும் யாருமே சொல்லல!"

மீதித் தண்ணீரும் தரையில் கொட்டியது. இப்போது கூடத்தில் நிஜமாகவே ஓடை ஓடியது. நால்வரும் துடைப்பதற்குள் போன் அடித்தது. வண்டிக் கம்பெனிக்காரர்.

"வண்டி கண்டிப்பா வேணுங்க" என்றார் அப்பா. "ஓட்டப் போறது என் மனைவி."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பென்சிலோடு வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார். கோடு பெட்ரோல் பங்கைத் தாண்டி, மலை ஏறி, ஏரியைத் தொட்டு, கறுப்பு மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் ஓடை நிறைய இருக்கு சார். பரவாயில்லையா?" என்று போனில் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"எவ்வளவு வேணா இருக்கட்டுங்க!" என்றார் அப்பா. ஓட்டப் போவது தான் இல்லை என்ற நிம்மதியில், அதையே இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகவும் சொன்னார்.