மஞ்சள் நாடா

பொட்டலத்தின் அப்பா பந்து உதைத்துச் சம்பளம் வாங்குகிறவர். உடனே வாயைப் பிளந்துவிடாதீர்கள். சுவரொட்டியில் வரும் பெரிய ஆட்டக்காரர் இல்லை அவர். ஒரே ஒருமுறை அவர் படமும் சுவரில் ஏறியது. அதிலும் கோல்கீப்பரின் கை பாதி முகத்தை மறைத்துவிட்டது.

ஓர் அணியில் யாருக்காவது கால் முறிந்தால் இவரைக் கூப்பிடுவார்கள். கால் சரியானதும் அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒன்பது அணிகள் ஆகிவிட்டன. அணி மாறினால் ஊரும் மாறும். அதனால் சக ஆட்டக்காரர்கள் அவரை ‘சூட்கேஸ்’ என்றே கூப்பிட்டார்கள். சூட்கேஸ் போகும் இடமெல்லாம் கூடவே போன மகளுக்கு அப்பா வைத்த செல்லப்பெயர்தான் பொட்டலம்.

இத்தனை சட்டை மாற்றினால் யாருக்குத்தான் குழம்பாது? நாலாவது அணியில் இருந்தபோது, பழைய அணிச் சட்டையைப் பார்த்த பழக்கதோஷத்தில் பந்தை அவர்களிடமே கொடுத்துவிட்டார் அப்பா. நல்லவேளை, அது பயிற்சி ஆட்டம். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்து வயதுப் பொட்டலம் சிரிக்கவில்லை. அணியின் நிறத்தில் ஒரு நாடாவைத் தேடி எடுத்து, அப்பாவின் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

“பந்து வந்ததும் இதைப் பாருங்க. இந்தக் கலர்காரங்களுக்கு மட்டும் குடுங்க.”

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால், மைதானத்து வாசலில் நாடா கட்டுவது அவள் வேலையானது.

இந்த ஊரில் நிறம் மஞ்சள். இந்த ஊரில்தான் பொட்டலத்துக்கு முதன்முதலாக ஓர் உயிர்த்தோழியும் கிடைத்தாள். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். பள்ளிக்கூடமே அவளைக் குண்டூசி என்றது.

ஒரு சனிக்கிழமை காலையில், அம்மா பரணிலிருந்து பெரிய இரும்புப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். பொட்டலம் அதைப் பார்த்துவிட்டாள். அந்தப் பெட்டி இறங்கினால் ஊர் மாறப்போகிறது என்று அர்த்தம். ‘எதுக்கும்மா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

வாசலில் அப்பா வழக்கம்போல இடது கையை நீட்டினார்.

“நாடாவை மறந்துட்டேன்” என்றாள் பொட்டலம். நாடா அவள் சட்டைப் பையில்தான் இருந்தது.

“அதனால என்ன? நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று அவள் தலையைக் கலைத்துவிட்டு உள்ளே போனார் அப்பா.

அன்று எதிரணி பச்சை. அதில் ஒரு நெட்டை ஆட்டக்காரர் இருந்தார். அப்பா ‘சூட்கேஸ்’ ஆவதற்கு முன்னால், மூன்று வருடம் அவரோடு ஒரே அணியில் ஆடியவர். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது பந்து அப்பாவிடம் வந்தது.

நெட்டை ஆட்டக்காரர் தன் ஆட்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அந்தக் கை உயர்ந்தபோதெல்லாம் மூன்று வருடம் பந்து கொடுத்தவர் அப்பா. இப்போதும் அவர் கால் யோசிக்கவில்லை. அவ்வளவு அழகான பாஸை அவர் வாழ்க்கையிலேயே கொடுத்ததில்லை. நெட்டையரே ஒரு நொடி திகைத்தார். பிறகு கோல் போட்டார்.

மைதானம் முழுக்கச் சிரித்தது. அப்பா தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையில் இருந்த நாடாவைப் பொட்டலம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பூட்ஸைக் கழுவ உட்கார்ந்தார். அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“என்னங்க, கீழ் வீட்டுத் தையல்காரர் பெட்டிக்கு வந்து நிக்கறார். என்ன சொல்ல?”

“குடுக்க வேண்டாம். அது நமக்கே வேணும்.”

“பெட்டி அவருக்கு எதுக்கு?” என்றாள் பொட்டலம்.

“இன்னைக்கு நல்லா ஆடினா அப்பாவை ரெண்டு வருஷம் இங்கேயே வெச்சுக்கறதா கோச் சொல்லியிருந்தார். இனிமே நமக்குப் பெட்டி எதுக்குன்னு நான்தான் தர்றேன்னு சொல்லிட்டேன். ஜெயிச்சதும் உனக்குச் சொல்லலாம்னு இருந்தோம்” என்றாள் அம்மா.

பொட்டலம் அப்பாவிடம் போனாள். பையிலிருந்து நாடாவை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள். “மறக்கலப்பா. வேணும்னேதான் கட்டல. பெட்டியைப் பார்த்ததும், மறுபடியும் போகப் போறோம்னு கோவம்.”

அப்பா பூட்ஸைக் கீழே வைத்தார்.

“நாடா இருந்திருந்தா சரியா குடுத்திருப்பீங்களா?”

“தெரியல, பொட்டலம். குடுத்திருக்கலாம்.”

பொய் சொல்லித் தேற்ற அவருக்கு வரவில்லை. ஆனால் ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “கேட்டிருக்கலாம் இல்ல?” என்றார். அவள் தலையாட்டினாள். அழுகை நிற்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை கடைசி ஆட்டம். அப்பாவுக்கு வெளியே பெஞ்சில்தான் இடம். “உள்ளேயே விட மாட்டாங்க, நாடா எதுக்கு?” என்றார்.

“கையை நீட்டுங்க” என்றாள் பொட்டலம். இரண்டு முடிச்சுப் போட்டாள்.

கடைசி ஆறு நிமிடத்துக்கு அப்பாவை இறக்கினார்கள். மூன்று முறை பந்து வந்தது. மூன்று முறையும் மணிக்கட்டைப் பார்த்தார். மூன்று முறையும் பந்து மஞ்சள் சட்டைக்கே போனது. யாரும் கோல் போடவில்லை. பொட்டலமும் குண்டூசியும் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“உங்கப்பா மோசமில்ல” என்றாள் குண்டூசி. அவள் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. பொட்டலம் மிச்சமிருந்த நாடாவை அவள் கையில் கட்டிவிட்டாள்.

மறுநாள் பெட்டி லாரியில் ஏறியது. ஊர் எல்லையைத் தாண்டும்போது பொட்டலம் அப்பாவின் கையைப் பார்த்தாள்.

“புது அணி என்ன கலர்ப்பா?”

“நீலம்.”

“அப்ப இதை அவிழ்த்துடவா?”

அப்பா மணிக்கட்டை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

“ஊர் வரட்டும். அதுவரைக்கும் மஞ்சள்தான்.”