அவரைப் பந்தலின் வலைப்பூ

செவ்வாய்க் கோளின் ஒன்பதாம் குமிழிக் குடியிருப்பில் தண்ணீர் வேண்டுமென்றால் வலைப்பூ போட வேண்டும். குடும்பத்துக்கு ஒரு பக்கம்: ஒரு தலைப்பு, ஒரு படம், படத்தின் கீழே ஒரு குறிப்பு. நீர்வாரியம் எல்லாப் பக்கங்களையும் பார்த்துத் தரவரிசைப்படுத்தி, அடுத்த பருவத்துக்கான அளவை உத்தரவாக அனுப்பும்.

செண்பகவல்லியின் அவரைப் பந்தல் பூத்திருந்தது. தண்ணீர் கிடைக்காவிட்டால் காய் பிடிக்காது. அதற்காகவே மாலை வகுப்பில், வலைப்பக்கத்தை அலங்கரிக்கும் விதிகளான சிஎஸ்எஸ் கற்றாள். பூமியிலிருந்து கொண்டுவந்தவற்றில் இன்னும் பழுதாகாமல் ஓடுவது அந்தப் பழைய விதிகள்தாம்.

அவள் கைவண்ணம் உண்மையிலேயே அழகு. படத்தின் மூலைகளை வளைத்தாள். அடியில் மெல்லிய நிழல் விட்டாள். தலைப்பின் கீழே அவரைப்பூவின் ஊதாவில் ஒரு கோடு. படக்குறிப்பு சிறிய சாய்வெழுத்தில், நடுவில். எந்தத் திரையில் திறந்தாலும் படம் அகலத்துக்கேற்ப அடங்கி நின்றது.

"ஏட்டி, அந்த நிழல இன்னும் எத்தன தடவ நகட்டுவ?" என்றான் கணவன் இசக்கிமுத்து.

"கண்ண உறுத்துதுல்லா. நீங்க பேசாம இருங்க."

பந்தலுக்கு நீர் விடும் ரோபோவுக்குப் பாசனி என்று பெயர். அதற்கு அலங்காரம் தெரியாது. எழுத்தை மட்டும் படிக்கும்.

"அம்மா, 'இங்கே குறிப்பு எழுதவும்' என்று இருக்கிறது. தலைப்பிலும் அப்படியே."

"அது மாதிரிக்குப் போட்டது. கடைசில எழுதிக்கிடலாம்."

கடைசி நாளில் நிழல் மறுபடி இம்மி விலகித் தெரிந்தது. அதைச் சரிசெய்வதற்குள் கெடு முடிந்து, பக்கம் அப்படியே வாரியத்துக்குப் போய்விட்டது. செண்பகவல்லி அழுதுவிட்டாள்.

முதலிடம் அவளுக்குத்தான். வாரியத்தார் எல்லோரும் அந்த ஊதாக் கோட்டைப் புகழ்ந்திருந்தார்கள். எழுத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

பிறகு உத்தரவு வந்தது. பொன்னிறத் தலைப்பு, முத்திரையைச் சுற்றி நிதானமான இடைவெளி, நீர்த்துளி போல் வளைந்த மூலைகள். இசக்கிமுத்து அதைச் சுவர்த்திரையில் பெரிதாக்கினான். அக்கம்பக்கத்தார் வாய் பிளந்து நின்றார்கள்.

பாசனி மட்டும், உதிரத் தொடங்கிய பூக்களுக்கு நடுவே, குழாயடியில் காத்திருந்தது.

"என்ன பாத்துட்டு நிக்க? தொறந்து விடு!" என்றாள் செண்பகவல்லி.

"எவ்வளவு, அம்மா?"

"உத்தரவுல போட்டிருக்கும்லா. படி."

பாசனி படித்தது: "'தண்ணீரின் அளவை இங்கே எழுதவும்.'"

செண்பகவல்லி சுவரை நெருங்கி, அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள்.

"ஆனா அந்தச் சாய்வெழுத்து," என்றாள் மெதுவாக, "எவ்வளவு அம்சமா இருக்கு!"