வளைவில் இல்லாத கல்

"நானா, என்ட மனுசனை நீங்கதான் வெளியில எடுத்துத் தரவேணும்."

மாம்புரியிலிருந்து வந்த பவுலினா கதிரையில் உட்காரக்கூட இல்லை. கரைத்தீவில், ஊரே நானா என்று கூப்பிடும் லத்தீப்பின் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய அண்ணன் லோறன்ஸ் நேற்றுக் காலை தன் வீட்டுக்குள் தலை உடைந்து செத்துக் கிடந்தார். மேலே கதவு வளைவில் ஒரு கல் இல்லை. அவர் தலைமாட்டில் ஒரு கல் கிடந்தது. போன வாரந்தான் அந்த வளைவின் வெடிப்பை அவள் கணவன் அன்ரன் சீமெந்தால் பூசியிருந்தான். அதுவோ ஒல்லாந்தர் காலத்தில் பவளப்பாறையை வெட்டிக் கட்டிய முருகைக்கல் வீடு. தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. களவாகப் பூசி ஓர் உயிரையும் எடுத்துவிட்டான் என்று பொலிஸ் அன்ரனைக் கொண்டுபோய்விட்டது.

லத்தீப் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையை அவருடைய ஓட்டோக்காரன் கிளைட்டன் தாராளமாகத் தீர்த்துவைப்பான்.

"நிஸார்தான் நானா! ஹோட்டலுக்குக் காணி பிடிக்கிற புரோக்கர். விக்கமாட்டன் எண்டு லோறன்ஸ் அண்ணன் சொன்னதுக்கு முந்தாநாள் வந்து கத்திட்டுப் போனவன். அவன்ட மூஞ்சியே சரியில்ல!"

"உன்ட மூஞ்சியை வச்சு உன்னை நான் பிடிச்சனா? ஓட்டோவை எடு."

வெளியே வெயில் கொளுத்தியது. பவுலினாவுக்குப் பின்னால் லோறன்ஸின் வீட்டுக்குள் கால் வைத்ததும் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் குளிர்ந்தது. ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர்கள். கச்சான் காற்று வளைவின் ஓட்டைக்குள் புகுந்து ஊளையிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இனி அங்கே யாருக்குத்தான் சோறு இறங்குமோ!

விறாந்தையில் பவுலினாவின் மகன் றொமேஷ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். மாமன் வீட்டில்தான் அவன் படகுச் சாமான்களை வைப்பான்; அருகில் படகு மெசினும் நீல நைலோன் கயிறும் கிடந்தன. அந்தக் கரையில் மெசின், கயிறு, நங்கூரக்கல் மூன்றையும் பின்னேரமே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். விட்டுவைத்தால் விடியும்போது இராது. லத்தீப் கயிற்றின் நுனியைப் பார்த்தார். கத்தியால் புதிதாய் அறுத்திருந்தது.

உள்ளே குந்தி, விழுந்த கல்லின் இரத்தம் படாத பக்கத்தில் ஒரு சில்லை உடைத்து நாக்கில் வைத்தார்.

"யா அல்லாஹ்! என்ன நானா செய்றீங்க?" கிளைட்டன் கத்தோலிக்கன், பயம் வந்தால் யாரையும் கூப்பிடுவான்.

"உப்புக் கரிக்குது."

"கடற்கரை வீட்டுக் கல் கரிக்காம இனிக்குமா?"

லத்தீப் வளைவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து நீட்டினார். கிளைட்டன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நக்கினான். கரிக்கவில்லை.

"கடல்ல எடுத்த முருகைக்கல்லை ஒரு மாரி முழுக்க மழையில போட்டு, உப்பு இறங்கின பிறகுதான் அந்தக் காலத்தில சுவருக்கு வச்சாங்க. வளைவுக் கல்லின்ட துளையெல்லாம் சுண்ணாம்பு அடைச்சிருக்கு. இந்தக் கல்லில சுண்ணாம்பே இல்ல, மணல்தான் இருக்கு. இது இந்த வீட்டுக் கல்லே இல்ல."

"அப்ப வளைவுக் கல் எங்க?"

"மூலையில தூளாக் கிடக்கு பார். அலவாங்கு போட்டு நெம்பினதில நொறுங்கிட்டு. ஆளை அடிச்சுக் கொன்னுபோட்டு, பிறகுதான் ஓட்டை செஞ்சிருக்கு."

"நிஸார்!"

"நிஸாருக்குப் படகு இருக்கா?" லத்தீப் கல்லைத் திருப்பினார். நடுவில் கயிறு தேய்த்த பள்ளம். துளைகளில் நீல நைலோன் நார்கள். "இது நங்கூரக்கல். அறுத்த கயிறு விறாந்தையில கிடக்கு, கல்லை மட்டும் காணல்ல."

பவுலினா மெல்லத் திரும்பி விறாந்தையைப் பார்த்தாள். றொமேஷின் கை வலையில் நின்றுவிட்டது.

"கடலால வந்து மாமாவோட கதைக்கத்தான் போனன்," என்றான் அவன். "காணியை வித்தா எனக்கொரு பெரிய படகு வாங்கலாம் எண்டன். நான் செத்தாப் பிறகு வித்துத் தின்னுங்கடா எண்டார். கல் கையில இருந்தது."

"அப்பாவைக் கொண்டுபோகேக்க நீ பாத்துக்கொண்டுதானேடா நிண்டனி?"

"வீட்டைத்தான் குத்தம் சொல்லுவாங்க எண்டு நினைச்சன் அம்மா. பிறகு... பயந்திட்டன்."

லத்தீப் பொலிசுக்குப் போன் அடித்துப் பேசினார்.

"தங்கச்சி, உங்கட மனுசனை விட்டுடுவாங்க. கெதியா வீட்ட வந்துடுவார்."

"ஓம் நானா, வருவார்," என்றாள் பவுலினா. "வந்ததும் பொடியன் எங்க எண்டுதான் கேப்பார். நான் என்ன சொல்ல?"