மயக்கம் தெளிந்தபோது

எந்த மருந்தையும் துப்பிவிடும் சோயா, அன்று மட்டும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"உள்ள போறப்ப பயம் தெரியாம இருக்கத்தான்க்கா இது," என்றாள் நர்ஸ் தபீதாள். "அப்புறம் மாஸ்க் வெச்சுத் தூங்க வெச்சுடுவாங்க. குடலிறக்கம்தானே, சின்ன ஆபரேஷன்."

தாம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஸ்பிரிட் வாடையும் பினாயில் ஈரமும் ஜன்னலுக்கு அப்பால் மின்சார ரயில் கிளம்பும் நீண்ட ஓசையும் கலந்து கிடந்த வராந்தாவில், ஜஹீரா தன் நான்கு வயது மகளை மடியில் கிடத்திக்கொண்டிருந்தாள். சோயாவின் தலை மெல்லத் துவண்டது. கண்கள் மட்டும் மூடவில்லை.

"ம்மா, நீயும் வா."

"வெளியதான்டா செல்லம் இருப்பேன்."

தபீதாள் தூக்கிக்கொண்டு போனபோது பிள்ளை அழவில்லை. ஆபரேஷன் அறைக் கதவு மூடும்வரை ஜஹீரா பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் சாயும் நேரத்தில், எதிர் அறைக் கட்டிலில் பிள்ளையைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். "நல்லபடியா முடிஞ்சுது," என்றார் மயக்க மருந்து டாக்டர் ஏகநாதன். "முழிச்சதும் சில பிள்ளைங்க அம்மாவையே தெரியாத மாதிரி அழும். பயப்படாதீங்க."

பிள்ளை அழவில்லை. கண் விழித்து ஜஹீராவின் நெற்றியை, மூக்கை, வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தது, பாடம் படிப்பதுபோல.

"அம்மா," என்றது.

சோயா ஒருநாளும் அப்படி முழுசாகச் சொன்னதில்லை.

கணவன் ஜமால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கக் கீழே போனான். அப்போதுதான் கேட்டது. விளக்கணைத்து வெளியே தாழ்ப்பாள் போட்ட ஆபரேஷன் அறைக்குள்ளிருந்து.

"ம்மா."

"சிஸ்டர், உள்ள வேற பிள்ளை இருக்கா?"

"இன்னிக்கு உங்க பாப்பா மட்டும்தான்க்கா."

"அழுதே."

தபீதாள் காதைத் தீட்டிக் கேட்டாள். "ஒண்ணும் கேக்கலையே. நீங்க காலைலேருந்து சாப்பிடவே இல்ல. செத்த உக்காருங்க." அவளும் போய்விட்டாள்.

ஜஹீரா அந்தக் கதவை நெருங்கினாள். கை வைத்த தாழ்ப்பாள் சில்லிட்டிருந்தது.

"ம்மா, இருட்டா இருக்கும்மா."

அவள் மகளின் குரல். சந்தேகமே இல்லை.

"திறக்காதம்மா."

பின்னாலிருந்து. கட்டிலில் பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தது. கையில் மருந்து ஏறும் டியூபை இழுத்தபடி கீழே இறங்கப் பார்த்தது. வயிற்றில் சுற்றிய கட்டுத்துணியில் சிவப்பு கசிந்தது. சோயாவின் வயிறு. சோயாவின் ரத்தம்.

ஜஹீரா ஓடிவந்து அணைத்துக்கொண்டாள்.

உள்ளே அழுகை. பிறகு விசும்பல்.

"ம்மா, தூக்கமா வருது."

அவளால் கையை விலக்க முடியவில்லை. தோளில் கிடந்த பிள்ளை அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தது. மெதுவாக. ஒரே சீராக.

உள்ளே மூச்சு அடங்கும்வரை.