நான்கு மாதம் முன்னால் நடப்பவள்

சஷ்டிகாவுக்கு வாய்ப்புண் வருவதற்கு ஐந்து நாள் முன்பே, அது இடது கன்னத்தின் உட்புறம்தான் வரும் என்று தெரிந்திருந்தது. மிலேனாவுக்கு அங்கேதான் வந்தது. முடி எந்த வாரம் கொட்டும், எந்த ஊசிக்குப் பிறகு சாப்பாட்டு வாசனை குமட்டும் என்பதெல்லாம்கூடத் தெரியும்.

எல்லாம் தடமிணைப்பியின் கைங்கரியம். புற்றுநோய் வந்த பிள்ளைகளின் ரத்தத்தையும் கட்டியையும் படித்து, அதே நோய் அதே தடத்தில் போகும் இன்னொரு பிள்ளையை உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது அது பிடித்துக் கொடுத்துவிடும். முன்னால் போகிற பிள்ளைக்கு வழித்துணை என்று பெயர். பின்னால் வருகிற பிள்ளைக்குத் தைரியம் சொல்வது வழித்துணையின் கடமை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் முழங்கால் எலும்பில் கட்டியோடு படுத்திருந்த பதினாறு வயது சஷ்டிகாவுக்கு, நான்கு மாதம் முன்னால் போய்க்கொண்டிருந்த பதினேழு வயது செர்பியப் பெண் மிலேனா கிடைத்தாள். மிலேனா தன் பாஷையில்தான் பேசுவாள். திரையில் உதடும் முகபாவமும் மாற்றப்பட்டு, அவள் குரலிலேயே அச்சு அசலாகக் கொங்குத் தமிழ் வரும்.

டாக்டர்களுக்கு இதில் ரொம்ப சௌகரியம். யோசிக்கிற வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டார்கள்.

"கால எடுத்தா ஒரு வழி. காலக் காப்பாத்துற புது மருந்து இன்னொரு வழி. கணக்குப்படி ரெண்டும் பாதிக்குப் பாதிதாம்மா" என்றார் டாக்டர் ஜெரால்டு. "மிலேனா அந்த மருந்துதானே எடுத்துச்சு? அதுகிட்டயே கேட்டுக்க."

தடமிணைப்பியைத் தவிர வேறு யாருக்கும் மருத்துவக் கோப்புகள் நாட்டெல்லையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பேச்சு மட்டும் தாண்டலாம். அதனால் சஷ்டிகா கேட்டாள்.

"என் காலு என்கிட்டயேதான் இருக்குது கண்ணு" என்று திரையில் சிரித்தாள் மிலேனா. "உன்னையத்தான் நெனச்சுட்டே இருக்கறேன். நீ நல்லா இருப்பே."

சஷ்டிகா காலை வைத்துக்கொண்டாள். அம்மா பேபிகலா அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பத்தாவது வாரம் நோய் நுரையீரலுக்கு ஏறியது. இனி செய்வதற்கு அதிகமில்லை என்று டாக்டர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். ஒரே தடம் என்றால் மிலேனாவுக்கும் இது வந்திருக்க வேண்டும், நான்கு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும். தெரிந்தேதான் சிரித்திருக்கிறாள். சஷ்டிகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரையைத் திறந்து கத்தினாள்.

"பொய்க்காரி! உன்ன நம்பித்தான்டீ நான் சாகப்போறேன். நாசமாப் போ!"

மிலேனா கண்ணை மூடித் திறந்து, நிம்மதியாகப் புன்னகைத்தாள். என்ன கல்நெஞ்சம் என்று சஷ்டிகா நினைத்தாள். மூன்றாம் நாள் மிலேனா இறந்துபோனதாகத் தகவல் வந்தபோது அவள் அழவில்லை.

சஷ்டிகாவுக்கும் பின்னால் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். கென்யாவில், பதினான்கு வயது அகினி. அவளும் ஒரு நாள் கேட்டாள்: "அக்கா, காலை எடுத்துறட்டுமா, மருந்து எடுத்துக்கட்டுமா?"

சஷ்டிகா ஒன்றையும் மறைக்கவில்லை. "மருந்து வேலை செய்யல அகினி. எனக்கு நுரையீரலுக்குப் போயிருச்சு. நான் பொழைக்க மாட்டேன். நீ கால எடுத்துரு" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

அகினி கைதட்டினாள். "நீங்க சிரிக்கிறதப் பாத்தாலே தைரியம் வருதுக்கா! நானும் மருந்தே எடுத்துக்கிறேன்."

சஷ்டிகா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.

அவள் கூப்பிட்ட உதவி மையத்தில் ஒருவர் பொறுமையாக விளக்கினார். "அது இதமாக்கிங்க. வழித்துணை சொன்னதக் கேட்டு ஒரு பையன் மாடியில இருந்து குதிச்சுட்டான். அப்புறம் சட்டமே வந்துருச்சு. பதினெட்டு வயசுக்குக் கீழ பயமுறுத்துற பேச்சு எதுவும் போய்ச் சேராது, இதமா மாத்தித்தான் போகும். நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்களே."

"மிலேனா எங்கிட்ட நெசமா என்ன சொன்னா?"

"அது அவங்க அந்தரங்கம்ங்க."

"நான் கடைசியாச் சொன்னது அவளுக்கு என்னன்னு போச்சு?"

"உங்களோடதுதானே, படிக்கிறேன். 'நீ சொன்னபடியே செஞ்சேன். பொழச்சுக்கிட்டேன்.'"

சஷ்டிகா திரையை அணைத்தாள். காலை எடுத்துவிடு என்று மிலேனா எத்தனை தடவை கெஞ்சினாளோ! அவளைப் போய்ச் சபித்தோமே என்று வெட்கமாக இருந்தது. சபித்தது போய்ச் சேரவில்லை என்பதும் ஆறுதலாக இல்லை.

ஆனால் முடிவைச் சொல்ல அகினிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பயத்தைத்தான் இதமாக்கி பிடிக்கிறது, சந்தோஷத்தை யார் பிடிப்பார்கள்? சஷ்டிகா முகம் கழுவி, பொட்டு வைத்து, போர்வைக்குள் ஒரு காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அகினி! ஒரு விஷயம் தெரியுமா? நான் கால எடுத்துட்டேன்! நோய் சுத்தமாப் போயிருச்சு. இரும்புக் கால்ல மாடிப்படி ஏறறேன்!"

ஒரு சொல்லும் மாறாமல் அது போய்ச் சேர்ந்தது. அகினியின் முகம் யோசனையில் சுருங்கியது. "நிஜமாவாக்கா? அப்ப நானும் எடுத்துறட்டுமா?"

"எடுத்துரு கண்ணு. இன்னிக்கே கையெழுத்துப் போட்டுரு."

அரை மணி நேரம் சஷ்டிகா வலியே இல்லாதவள்போல இருந்தாள். பிறகு திரையில் அறிவிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் கோப்பின்படி சஷ்டிகாவின் கால் அகற்றப்படவில்லை. சிறுமி ஒருத்திக்குப் பொய்த் தகவல் தந்த குற்றத்துக்காக அவள் வழித்துணைப் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறாள். பொய்யை மறுக்க மட்டும் கோப்பிலிருந்து ஒரு வரி எல்லை தாண்டலாம் என்பதால் அகினிக்கும் திருத்தம் அனுப்பப்பட்டது: சஷ்டிகாவின் கால் பத்திரமாக உள்ளது.

அகினி மருந்தையே தேர்ந்தெடுத்தாள். பிரிகிறவர்கள் ஒருமுறை பேசிக்கொள்ள விதியில் இடமுண்டு. அவளுடைய கடைசிச் செய்தியை அம்மாதான் முதலில் பார்த்தாள். திரையில் அந்தப் பெண் பல் தெரியச் சிரித்து, "அக்கா, உங்களுக்கு எல்லாம் நல்லதே நடக்கட்டும்" என்றாள்.

"தங்கமான புள்ள" என்றாள் அம்மா.

"அவ என்ன சொன்னான்னு உனக்குத் தெரியாதும்மா" என்றாள் சஷ்டிகா.