தண்ணீர் திரும்ப மூன்று நாள்

காற்றுத்திருப்பிக் கோபுரங்கள் பதினேழும் கடலுக்குள் வந்து நின்ற பிறகு தூத்துக்குடிக் கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. வருடம் முழுக்கத் தென்காற்றை வீச வைத்தால் போதும். மேல்தண்ணீர் கிழக்கே விலகும், அடித்தண்ணீர் சத்தோடு மேலே வரும், அதைத் தின்னச் சாளை கூட்டங்கூட்டமாக வரும். வடக்கு நோக்கி அடிக்கும் காற்றுக்குத் தண்ணீர் ஏன் கிழக்கே போக வேண்டும்? பூமி சுற்றுகிறதல்லவா, அது இந்தப் பாதி உலகத்தில் காற்று போகும் திசைக்கு வலக்கைப் பக்கமாகத் தண்ணீரை ஒதுக்கிவிடுகிறது. இதைக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவளே கோபுரங்களை இயக்கும் கித்தேரிதான்.

அவள் தம்பி பெர்க்மான்ஸ் நேற்றுக் காலை சங்கெடுக்கக் காற்றடைத்த மூழ்குகூண்டில் இறங்கினான். வடம் அறுந்தது. கூண்டு மேலே வரவும் இல்லை, தரை தட்டவும் இல்லை. இருபது மீட்டர் ஆழத்தில் தண்ணீர் இழுத்த இழுப்புக்குப் போனது. தேடும் படகுகளின் ஒலிக்கண்ணில் சாளையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வரவழைத்த மீனே அவனை மறைத்துக்கொண்டது.

நீரொலிப்பேசியில் குரல் மட்டும் வந்தது. "எக்கா, மூச்சுக்காத்து நாலு நாளைக்கு இருக்கு. கரைப்பக்கம் தள்ளிவிடு."

கித்தேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாய்மரம் ஓட்டிய குடும்பம்; கடலில் நிற்பவனைக் கரை சேர்ப்பது கிழக்கிலிருந்து அடிக்கும் கொண்டல் என்பது ரத்தத்தில் ஊறியது. கொண்டலுக்குத் திருப்பினாள். கூடி நின்ற ஊரும் அதைத்தான் கேட்டது.

இன்று காலைதான், சுவரில் தானே எழுதி ஒட்டியதைத் திரும்பப் படித்தாள். கொண்டலுக்கு வலக்கைப் பக்கம் வடக்கு. வடக்கிலிருந்து அடிக்கும் வாடைக்குத்தான் மேற்கு, கரை.

வாடைக்கு மாற்றினாள். காற்று பத்து நிமிடத்தில் திரும்பியது. தண்ணீர் அப்படியல்ல. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பூமி தண்ணீரை ஒதுக்குவது சோம்பலாகத்தான். தண்ணீர் முழுதாகச் சொன்னபடி கேட்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். தம்பிக்கு மிச்சம் இருப்பதே மூன்று நாள். ஒரு நாளை அவள் கையாலேயே தொலைத்திருந்தாள்.

மீனவர் சங்கச் செயலாளர் வியாகுலம் வாசலில் நின்றார். "ஏளா கித்தேரி, இன்னுங் கொஞ்சம் வேகமா அடிக்க வைக்கக் கூடாதா?"

"காத்த வேகமாக்கலாம் மாமா. பூமிய வேகமா சுத்த வைக்க முடியாதே."

எல்லா விசைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. தொடுவதற்கு ஒன்றுமில்லை.

பேசி கரகரத்தது. "எக்கா, காத்தத் திருப்பிட்டியா?"

"திருப்பிட்டேன்யா."

"அப்பம் சரி. நீ சொன்னா கடலு கேக்கும்லா. நா கொஞ்சம் தூங்குதேன்."

கேட்கும். மூன்று நாள் கழித்துக் கேட்கும்.